ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போவதால் உண்மையில் ஏதாவது நடக்குமா?

மூன்றாவது_தெரு கேட்டது:

தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறேன். எங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி மக்களைக் கூட்டுவது) என்று முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, சரி போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். கவுன்சிலர் இதுவரை செய்த வேலைகளை ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அப்புறம் ஆளாளுக்கு மனு கொடுத்தார்கள், தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, குப்பை வண்டி வருவதில்லை, இப்படி. அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். கூட்டம் முடிந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்தச் சபைக்கு ஏதாவது முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா, இல்லை மனு வாங்குவதற்கு இன்னொரு கவுன்ட்டரா? கிராம சபையில் தீர்மானம் போடுகிறார்கள், அதைப் பேப்பரில் பார்க்கிறோம், இங்கே தீர்மானம் என்ற பேச்சே எழவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த "பகுதிப் பிரதிநிதிகளை" யார் எப்போது தேர்ந்தெடுத்தார்கள் என்றும் புரியவில்லை, எங்கள் தெருவில் யாரும் ஓட்டுப் போட்ட மாதிரி தெரியவில்லை. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் போனேன். அடுத்த கூட்டத்துக்கும் போகலாமா, வீட்டில் இருக்கலாமா? யாராவது இதில் ஒரு வேலையை முடித்துக் காட்டியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

---

பழைய_கோப்பு எழுதியது:

உங்கள் கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பகுதிப் பிரதிநிதிகள் தேர்தலில் வந்தவர்கள் கிடையாது, நியமனம்தான். அதனால் உங்கள் தெருவில் யாரும் ஓட்டுப் போடாததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது அதிகாரம். கிராம சபையோடு ஒப்பிட்டீர்கள், அங்கேதான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது. 73ஆவது திருத்தம் கிராம சபையை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது, 243ஏ என்று தனிப் பிரிவே உண்டு. நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் அதில் கிராம சபைக்கு இணையாக எதுவுமே இல்லை. இருப்பது 243எஸ் மட்டும். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்கிறது, அதுவும் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு" என்று. இந்த "மேற்பட்ட" வழியாகத்தான் மாநிலங்கள் தப்பித்தன. சென்னையில் 200 வார்டுகளையும் மண்டலங்களாகப் பிரித்து மண்டலத்துக்கு ஒரு குழு, அதில் உட்காருவது அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள். சட்டப்படி வார்டுக் குழு வந்தாயிற்று, குடிமக்களுக்கு நாற்காலி மட்டும் வரவில்லை.

ஏரியா சபை என்ற யோசனை அப்புறம் வந்தது. 2005 டிசம்பரில் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் தொடங்கியபோது, மத்திய நிதி வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள், அதற்கு நகர ராஜ் மாதிரி மசோதா என்று ஒன்றையும் அனுப்பினார்கள். பணத்துக்காகச் சட்டத்தில் இடம் செய்துவிட்டு விதிகளை எழுதாமல் விட்ட மாநிலங்கள் உண்டு, நம் மாநிலத்தில் விதிகள் வந்தது 2022இல்தான். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்ததில் முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். 1998இல் இயற்றி, 2000இல் நிறுத்திக் கிடப்பில் போட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் மறுபடி நடைமுறைக்கு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு சட்டம் தூங்கியிருக்கிறது.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: சபையின் வேலை தேவைகளைச் சொல்வது, எது முதலில் என்று வரிசைப்படுத்துவது, பரிந்துரைப்பது. செலவுக்கு ஒப்புதல் தருவது நகராட்சி மன்றமும் ஆணையரும். பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று யாரையும் இழுத்து நிறுத்த முடியாது. அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீர்ப்பு வாங்கப் போகிறோம் என்ற நினைப்போடு போனால் கோபம்தான் மிஞ்சும்.

---

வரிப்பணம் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தால் வடிகால் அப்படியேதான் கிடக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு சிறுபாலத்தை இந்தச் சபை வழியாகத்தான் கட்ட வைத்தோம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார், அது தொழில்நுட்ப அனுமதிக்கும் நிர்வாக அனுமதிக்கும் போகும், எந்த நிதித் தலைப்பில் பணம் என்று முடிவாகும், தேவைப்பட்டால் மன்றத்தில் தீர்மானம், அப்புறம் ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை. மனு கொடுப்பவர்கள் இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் தங்கள் வேலை நிற்கிறது என்று கேட்பதே இல்லை. "சாலை மோசம்" என்று எழுதினால் பையில்தான் போகும். "இன்ன தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வடிகால் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, நிர்வாக அனுமதி எண் என்ன, ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது" என்று எழுதினால் அதை வாங்குகிறவர் யாரையாவது கேட்டே ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே தோண்டியிருக்கிறார்கள் என்றால் பணி ஆணை இருக்கிறது, ஒப்பந்ததாரர் இருக்கிறார், முடிக்க வேண்டிய தேதி இருக்கிறது. புதிதாகக் கேட்டு நிற்கிறவனை விட நீங்கள் ரொம்ப வலுவான இடத்தில் இருக்கிறீர்கள்.

அடுத்தது காலம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் அதற்கு முன்பே தயாராகிவிடும். மார்ச்சில் போய்ப் புது வேலை கேட்டால் சிரிப்பார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு, எங்கெல்லாம் தண்ணீர் நின்றது என்ற போட்டோவும் ஞாபகமும் சூடாக இருக்கும்போதே, பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, எந்தப் பணம். இதை யாருமே பேசுவதில்லை. மத்திய அரசின் நிதியைப் பங்கிடச் சொல்லும் 15ஆவது நிதிக்குழு 2021–26க்குச் சொன்னதைப் பாருங்கள்: மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறைவான ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவு, திடக்கழிவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதில் சாலை போடச் சொல்லிக் கத்தினால் ஆணையரே நினைத்தாலும் முடியாது. ஆனால் அந்தத் தலைப்புக்குள் வருகிற வேலை ஒன்றை நீங்களே அடையாளம் காட்டினால் அவர்களுக்கே நிம்மதி, ஏனென்றால் ஒதுக்கியதைச் செலவழித்துக் கணக்குக் காட்டியாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. "நமக்கு நாமே" திட்டம் என்று ஒன்று இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதி அரசு. கேட்க நன்றாக இருக்கிறது, வசதியான தெருக்களுக்குத்தான் அது ஒத்துவரும் என்பது என் கருத்து.

நாலாவது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. எழுதவில்லை என்றால் கூட்டமே நடக்காததற்குச் சமம். அங்கேயே எழுந்து "போன கூட்டக் குறிப்பை முதலில் வாசியுங்கள்" என்று கேளுங்கள். முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை. எங்கள் பகுதியில் இதை ஒருவர் விடாமல் கேட்க ஆரம்பித்ததும், குறிப்பேடு என்ற ஒன்று முதல் முறையாக மேசைக்கு வந்தது.

---

வாடகை_வீடு எழுதியது:

வரிப்பணம் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, படித்தவர், நேரம் இருக்கிறவர், அதிகாரியிடம் நின்று பேசத் தெரிந்தவர் ஆகியோருக்கு. அளவுப் புத்தகம், நிர்வாக அனுமதி எல்லாம் தெரிந்துகொண்டு வந்தால்தான் பங்கேற்க முடியும் என்றால், அதற்குப் பேர் என்ன?

ஒரு கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், கட்சிக்காரர்கள். சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்களை வைத்து எழுதியது. நான் வேலைக்காக ஊர் மாறி வந்தவன், பட்டியலில் பேர் சொந்த ஊரில் கிடக்கிறது. இங்கே தண்ணீர் வராவிட்டால் எனக்கும்தான் வராது, வீட்டு வரியை வாடகையில் சேர்த்து நானும்தான் கட்டுகிறேன், ஆனால் இந்தச் சபையில் நான் பார்வையாளன். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், இவர்களைக் காலை பதினொரு மணிக் கூட்டத்தில் எங்கே பார்ப்பது? குப்பையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிற கூட்டத்தில் குப்பை அள்ளுகிறவர் ஒருவர்கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பங்கேற்பு என்றாலே நல்லது என்று நினைக்கிறோம். வசதியான பகுதிகளின் நலச் சங்கங்கள் சில, கிடைத்த வாய்ப்பில் முதலில் கேட்பது என்ன தெரியுமா, நடைபாதைக் கடையை எடுங்கள். அதுவும் மக்கள் பங்கேற்புதான்! இதோடு ஒப்பிட்டால் 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் எவ்வளவோ மேல். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்தல் வைத்து அனுப்ப வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். நடைமுறை எப்படியும் இருக்கட்டும், யாருக்கு நாற்காலி என்று சட்டமே சொன்னால் "ஏன் தரவில்லை" என்று நீதிமன்றம் போக ஒரு பிடி கிடைக்கிறது. நம் ஏரியா சபையில் அந்தப் பிடி இல்லை. கவுன்சிலருக்கு வேண்டியவர்தான் பிரதிநிதி, அவர் கவுன்சிலரைக் கேள்வி கேட்பாராம், நாம் நம்ப வேண்டுமாம்.

---

வரிப்பணம் எழுதியது:

வாடகை_வீடு, உங்களோடு சண்டை இல்லை. நியமன முறை மாற வேண்டும், கூட்டம் ஞாயிறு மாலையில் நடக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்க்க வேண்டும், எல்லாம் சரி. முகவரி மாறினால் வாக்காளர் பட்டியலில் மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். ஆனால் விதி மாறும் வரை பொறியாளரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று மட்டும் யோசியுங்கள். எங்கள் சிறுபாலத்துக்கு விடாமல் அலைந்தது ஒரு தையல்காரப் பெண்மணி, பத்தாவது வரை படித்தவர். "அந்தக் கோப்பு இப்ப யார் மேசையில இருக்குங்க?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டே முடித்தார்.

---

மூன்றாவது_தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெளிவானது. இன்னொரு சிக்கல், இதை முன்பே சொல்லியிருக்கலாம். வடிகால் ஏன் நின்றது என்று விசாரித்தால், குறுக்கே குடிநீர்க் குழாய் போகிறது, அது வேறு துறை, ஒரு மின்கம்பத்தையும் நகர்த்த வேண்டும், அது இன்னொரு துறை, நாங்கள் என்ன செய்ய என்கிறார் கவுன்சிலர். அவர் ஏமாற்றுகிற மாதிரியும் தெரியவில்லை, அவருக்கே நிஜமாகத் தெரியவில்லை போல. இதற்கு யாரைப் பிடிப்பது?

---

பழைய_கோப்பு எழுதியது:

கவுன்சிலர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். 74ஆவது திருத்தத்தின் 12ஆவது அட்டவணையில் 18 பொறுப்புகள் இருக்கின்றன. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், துப்புரவு, குடிசைப் பகுதி மேம்பாடு என்று. ஆனால் அவற்றை நகராட்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். திருத்தம் வருவதற்கு முன்பே இங்கே வாரியங்கள் வேர்விட்டாயிற்று. குடிசை மாற்று வாரியம் 1970, குடிநீர் வடிகால் வாரியம் 1971, சென்னைக்கு சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம், 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம். இவை எதுவும் உங்கள் கவுன்சிலருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை இல்லை. ஒரு தெருவை நாலு அலுவலகம் தோண்டலாம், மூடுவதற்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

அந்தக் கவுன்சிலர் பதவியே 2016 அக்டோபர் முதல் 2022 வரை ஆளில்லாமல் கிடந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்கள். 2022 பிப்ரவரி 19இல் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, பேரூராட்சிகள் என்று ஒரே நாளில் தேர்தல் வைத்தபோது, வந்தவர்களில் நிறையப் பேர் புதியவர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே கூடாத ஊரில் யாருக்கு என்ன அதிகாரம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

நடைமுறையில் செய்யக்கூடியது: சபையில் "வடிகாலை முடியுங்கள்" என்று கேட்பதை விட, "குழாய், மின்கம்பம் இரண்டையும் மாற்றச் சொல்லி அந்தந்தத் துறைக்கு நகராட்சி எந்தத் தேதியில் கடிதம் எழுதியது" என்று கேளுங்கள். பாதி நேரம் கடிதமே எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருந்தால் அந்த நகலோடு நீங்களே அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளரைப் போய்ப் பார்க்கலாம். கம்பம் மாற்றக் கட்டணம் கட்ட வேண்டும், அதை நகராட்சி கட்டாமல் விட்டிருந்தால் மின்வாரியத்தைத் திட்டி ஒன்றும் ஆகாது.

---

எட்டணா எழுதியது:

தாமதமாக வருகிறேன். வெளியே இது எப்படி ஓடியது என்று இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன், இங்கே எங்கே பிழை என்று அதில் தெரியும்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டப் பிரச்சாரம் தொடங்கியபோது முதலில் செய்தது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கியது. திட்டம் போடும் திறமை வரட்டும், அப்புறம் பணம் தருகிறோம் என்று காத்திருக்கவில்லை. பணம் வருகிறது என்று தெரிந்ததால்தான் கூட்டத்துக்கு ஆள் வந்தது, பொறியாளரும் ஆசிரியரும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து திட்ட அறிக்கை எழுதினார்கள். கேரளத்திலும் நகரங்களில் கிராமத்து அளவுக்கு உற்சாகம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் பேசுவதற்கு ஒரு தொகை மேசையில் இருந்தது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி, 1989. தொழிலாளர் கட்சி அந்த நகராட்சியைப் பிடித்ததும், முதலீட்டுச் செலவை எங்கே செய்வது என்று பகுதிவாரியாகக் கூட்டம் போட்டு மக்களிடமே கேட்டார்கள். கூட்டங்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. எந்தப் பகுதியில் வசதிக் குறைவு அதிகம், எவ்வளவு பேர் வாழ்கிறார்கள், அவர்கள் எதை முதலாவதாகக் கேட்டார்கள் என்று மதிப்பெண் போட்டுப் பங்கிட்டார்கள், அதனால் ஏழைப் பகுதிகளுக்குச் சாக்கடையும் தார்ச்சாலையும் போய்ச் சேர்ந்தன. உலகமெங்கும் இதைக் காப்பியடித்தார்கள். நம் நாட்டிலேயே புனே மாநகராட்சி 2006 வாக்கில் இருந்து வருடா வருடம் குடிமக்களிடம் வேலைப் பரிந்துரை வாங்கி வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கிறது. ஆனால் போர்ட்டோ அலெக்ரியிலேயே பிற்பாடு வந்த நிர்வாகங்களுக்கு இதில் அக்கறை குறைந்தது, ஒப்புக்கொண்ட வேலைகள் நிலுவையில் விழுந்தன, 2017இல் நிறுத்தியே வைத்தார்கள். கேட்டது கிடைக்காது என்று தெரிந்த இடத்துக்கு ஜனங்கள் ஏன் வர வேண்டும்?

அதனால்தான் நம் சபைகளுக்கு ஆள் வரவில்லை, மக்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. வார்டுக்கு இவ்வளவு ரூபாய், இதை எதற்குச் செலவழிப்பது என்று இந்தச் சபை சொன்னால் மன்றம் மாற்றக் கூடாது என்று ஒரே ஒரு விதி போடட்டும், சின்னத் தொகையாகவே இருக்கட்டும். மண்டபம் கொள்ளாது.

---

வாடகை_வீடு எழுதியது:

எட்டணா சொன்ன மதிப்பெண் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தமாகப் பேசுகிறவருக்குச் சாலை என்பதை அது ஒன்றுதான் மாற்றும். எங்கள் பகுதியில் யாரிடம் கேட்டாலும் முதல் தேவை பொதுக் கழிப்பறை, மேடையில் வருவது பூங்கா.

---

மூன்றாவது_தெரு எழுதியது:

அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன், தெருவில் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு. அதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமையில் ஒரு மனு போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இதுவரை போட்டதில்லை. என்ன கேட்பது?

---

வரிப்பணம் எழுதியது:

"ஏன்" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்குத் தகவல் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் தெரு வடிகால் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தக் காலம், இதுவரை அளவுப் புத்தகத்தில் ஏறியது, கொடுத்த தொகை, குழாய் மற்றும் மின்கம்பம் தொடர்பாகப் பிற துறைகளுக்கு எழுதிய கடிதங்களின் நகல். அதோடு உங்கள் பகுதிச் சபையின் கடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, பிரதிநிதிகளை நியமித்த உத்தரவு. பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் முத்திரை வைத்த நகல் வாங்காமல் வராதீர்கள்.

இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பலருக்கு இது தெரியாது: 2005 சட்டத்தின் 2(ஜே) பிரிவுப்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வடிகால் சுவரின் கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். இந்த வரி மனுவில் இருந்தாலே ஒப்பந்ததாரருக்குப் போன் போய்விடும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.